கீழே எத்தனை பேர்? - ப்ராடக்ட் மேனேஜர் என்ற வேலையின் கதை

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயில் ஏறினால் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோயில் என்று வரிசையாக ஐந்து ஸ்டேஷன்கள் வரும். இந்த ஐந்து ஸ்டேஷன்களுக்குள் இரண்டு விதமான தொழில்கள் இருக்கின்றன. மறைமலை நகரில் ஃபோர்டு கம்பெனி 1990களில் கட்டிய கார் தொழிற்சாலை. சிங்கப்பெருமாள் கோயிலில் மேற்கே திரும்பினால் ஒரகடம். அங்கே ரெனோவும் நிஸ்ஸானும் சேர்ந்து 2010-ல் திறந்த இன்னொரு கார் தொழிற்சாலை. கூடுவாஞ்சேரிக்கும் பொத்தேரிக்கும் நடுவே, ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி, ஜோஹோ கம்பெனியின் எஸ்டான்சியா வளாகம். பக்கத்திலேயே எஸ்.ஆர்.எம். இருப்பதால் காலையில் அதே ரயிலில் கல்லூரிப் பையன்களும் பெண்களும் நிரம்பி வழிவார்கள்.

அந்தக் கூட்டத்தில் கடைசி வருடம் படிக்கிற யாரிடமாவது என்ன வேலைக்குப் போகப்போகிறாய் என்று கேட்டால், பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் 'சாஃப்ட்வேர் எஞ்சினியர்' என்று ஒரே பதில்தான் வந்திருக்கும். இப்போது கொஞ்சம் பேர் 'ப்ராடக்ட் மேனேஜர்' என்கிறார்கள். அப்படியென்றால் என்ன, அதற்கு எந்த வாசல் வழியாக நுழைவது, நுழைந்தபின் எந்தப் படியில் ஏறுவது என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் தடுமாற்றம். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பார் ஒருவர். ஐ.ஐ.டி. வேண்டும் என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் சுந்தர் பிச்சையைச் சாட்சிக்கு இழுப்பார்கள். பாவம் அவர், எல்லா வாதத்துக்கும் அவரே சாட்சி.

இந்த வேலை எங்கே பிறந்தது, எப்படி ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் வந்து சேர்ந்தது என்று பார்த்தால் படிக்கட்டு கொஞ்சம் தெளிவாகத் தெரியும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ப்ராஜெக்ட் மேனேஜர் வேறு, ப்ராடக்ட் மேனேஜர் வேறு. ப்ராஜெக்ட் மேனேஜர் கல்யாண சமையல் காண்டிராக்டர் மாதிரி. பெண் வீட்டார் மெனு கொடுத்துவிடுவார்கள், எத்தனை இலை என்று சொல்லிவிடுவார்கள், முகூர்த்த நாள் குறித்தாகிவிட்டது. சொன்ன நாளில், சொன்ன காசுக்குள், சொன்னதைச் சமைத்துப் போட்டால் அவர் வேலை முடிந்தது. ப்ராடக்ட் மேனேஜர் ரோட்டோரத்தில் மெஸ் நடத்துகிறவர் மாதிரி. நாளைக்கு யார் வருவார்கள் என்று தெரியாது. என்ன சமைப்பது என்று அவரேதான் முடிவு செய்ய வேண்டும். வந்தவர் இலையில் எதை மிச்சம் வைத்துவிட்டுப் போனார் என்று கவனிக்க வேண்டும். முகூர்த்தம் முடிந்ததும் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போக முடியாது. மறுநாளும் அடுப்பு மூட்ட வேண்டும்.

தமிழ்நாட்டில் பல காலம் முதல் வகைதான் இருந்தது. 1968-ல் டி.சி.எஸ். தொடங்கியதிலிருந்து இந்திய மென்பொருள் தொழிலின் பெரும்பகுதி, வெளிநாட்டுக் கம்பெனி கேட்டதைச் செய்து கொடுக்கும் சேவைத் தொழில். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்து, பழைய மகாபலிபுரம் ரோடு கண்ணாடிக் கட்டடங்களாக மாறியபோதும் வந்த வேலை பெரும்பாலும் அதுதான். இதில் வருமானக் கணக்கு எளிது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், மணிக்கு எத்தனை டாலர். ஆள் கூடினால் வருமானம் கூடும். அதனால் பதவி உயர்வும் தலைக்கணக்கில்தான் வந்தது. ட்ரெய்னி, எஞ்சினியர், மாட்யூல் லீட், ப்ராஜெக்ட் லீட், ப்ராஜெக்ட் மேனேஜர், டெலிவரி மேனேஜர். ஒவ்வொரு படிக்கும் கீழே உள்ளவர்களின் எண்ணிக்கை ஏறும். ஜாதகம் பார்க்க வந்த இடத்தில் பெண்ணின் சித்தப்பா, "மாப்பிள்ளைக்குக் கீழே எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?" என்று கேட்கும் கேள்வி சும்மா வரவில்லை. அந்தத் தொழிலை அவர் சரியாகத்தான் புரிந்து வைத்திருக்கிறார்!

ப்ராடக்ட் மேனேஜரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் பல பேருக்குப் பதில் 'யாரும் இல்லை' என்பதுதான். இந்த விசித்திரம் அந்த வேலை பிறந்த நாளிலேயே ஆரம்பித்துவிட்டது.

1931, அமெரிக்காவின் சின்சினாட்டி. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் என்ற சோப்புக் கம்பெனி. அங்கே நீல் மெக்எல்ராய் என்ற இளைஞர் 'கேமே' சோப்பின் விளம்பர வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு தலைவலி. அதே கம்பெனியின் 'ஐவரி' சோப்புதான் வீட்டின் மூத்த பிள்ளை. கவனம், காசு எல்லாம் அதற்கே போகும். கேமே, வெளிக் கம்பெனி சோப்புகளோடு மட்டுமல்லாமல் சொந்த அண்ணனோடும் சண்டை போட வேண்டியிருந்தது. மே 13-ம் தேதி மெக்எல்ராய் ஒரு குறிப்பு எழுதினார். அந்தக் கம்பெனியில் ஒரு பக்கத்துக்கு மேல் குறிப்பு எழுதக்கூடாது என்பது வழக்கம். இவர் எழுதியது மூன்று பக்கம். ஒவ்வொரு சோப்புக்கும் தனியாக ஒரு ஆள் வேண்டும். அது எந்த ஊரில் விற்கிறது, எங்கே விற்கவில்லை, ஏன் விற்கவில்லை என்று அவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். என்ன செய்தால் சரியாகும் என்று திட்டம் போட வேண்டும், அது பலித்ததா என்று அளக்கவும் வேண்டும். சாராம்சம் இவ்வளவுதான். உண்மையில் அவர் கேட்டது தன் பிரிவுக்கு இன்னும் இரண்டு ஆட்கள். வந்து சேர்ந்ததோ ஒரு புதிய தொழில்.

இந்த 'பிராண்ட்' மனிதருக்குச் சோப்பு காய்ச்சுகிறவர்கள் மேல் அதிகாரம் கிடையாது. லாரி ஓட்டுகிறவர் மேலும் கிடையாது. ஆனால் சோப்பு விற்கவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். பொறுப்பு முழுக்க உண்டு, அதிகாரம் கொஞ்சம்கூடக் கிடையாது. மெக்எல்ராய் 1948-ல் அதே கம்பெனியின் தலைவரானார். 1957-ல் ஐசன்ஹோவர் அவரை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக்கினார். அவர் காலத்தில், 1958-ல், ஆர்ப்பா என்ற ஆராய்ச்சி அமைப்பு பிறந்தது. பிற்பாடு இன்டர்நெட்டுக்கு விதை போட்ட அதே ஆர்ப்பா. சோப்பு விற்றவருக்கும் மென்பொருள் உலகத்துக்கும் இப்படி ஒரு சுற்று வழிச் சொந்தம் இருக்கிறது.

சோப்பிலிருந்து மென்பொருளுக்கு வருவதற்கு முன் கார் பக்கம் ஒரு எட்டுப் போய் வரலாம். மறைமலை நகர் பக்கம் இருப்பவர்களுக்கு அதுதான் கண்ணெதிரே இருக்கிற பாடம்.

டொயோட்டா கம்பெனியில் 'ஷூசா' என்று ஒரு பதவி. 1953-ல் கென்யா நாகமுரா என்ற பொறியாளரை, க்ரௌன் என்ற புதிய காருக்கு ஷூசாவாகப் போட்டார்கள். எஞ்சின் பிரிவு, பாடி பிரிவு, சேஸிஸ் பிரிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைவர்கள் உண்டு. ஷூசா அவர்கள் யாருக்கும் மேலதிகாரி இல்லை. ஆனால் கார் எப்படி இருக்க வேண்டும், யாருக்காக, என்ன விலையில் என்பதற்கு அவர் ஒருவரே பொறுப்பு. ஒவ்வொரு பிரிவாகப் போய்ப் பேசி, வாதாடி, சம்மதிக்க வைத்துத்தான் வேலை வாங்க வேண்டும். க்ரௌன் 1955 ஜனவரியில் வெளிவந்தது. மெக்எல்ராயின் பிராண்ட் மனிதர் விற்பனைப் பக்கத்திலிருந்து வந்தவர். ஷூசா பட்டறைப் பக்கத்திலிருந்து வந்தவர். இரண்டு பேருக்கும் அதே அதிகாரமில்லாத பொறுப்பு.

இதில் ஊர் எங்கே வருகிறது? ஒரு பொருளைப் பற்றிய முடிவு எந்த ஊரில் எடுக்கப்படுகிறது என்பதில் வருகிறது. மறைமலை நகரில் 2013-லிருந்து வரிசையாக வெளியே வந்த எக்கோஸ்போர்ட் நல்ல கார்தான், நன்றாகவே விற்றது. ஆனால் அதை வடிவமைத்து வளர்த்த வேலைக்குத் தலைமை தாங்கியது பிரேசிலில் இருந்த ஃபோர்டு குழு. எந்தக் கார், எந்த நாட்டுக்கு, எத்தனை வருடம் என்ற பெரிய முடிவுகள் அமெரிக்காவில் டியர்பார்னில். 2021 செப்டம்பரில், பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். 2022 ஜூலையில் மறைமலை நகரின் கடைசிக் கார் வெளியே வந்தது, அதுவும் ஓர் எக்கோஸ்போர்ட்தான். அங்கே வேலை பார்த்தவர்களின் திறமையில் யாரும் குறை சொல்லவில்லை. முடிவெடுக்கும் நாற்காலி அவர்கள் ஊரில் இல்லை, அவ்வளவுதான். (2025 அக்டோபரில் அதே இடத்தில் எஞ்சின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது ஃபோர்டு. அந்த முடிவும் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.)

பக்கத்து ஒரகடத்தில் நடந்தது கொஞ்சம் வேறு. ஜெரார் தெதூர்பே என்ற பிரெஞ்சுக்காரர், ரெனோவின் மலிவு விலை லோகன் காருக்குப் பின்னால் இருந்தவர், சென்னைக்கே வந்து உட்கார்ந்துகொண்டு ஒரு சின்னக் காரை உருவாக்கினார். பாரிஸில் வரைந்து இங்கே பூட்டுவது அல்ல. உள்ளூர் உதிரிபாகக்காரர்களோடு உட்கார்ந்து ஒவ்வொரு திருகுக்கும் விலை பேசி உருவாக்கியது. 2015 செப்டம்பரில் க்விட் வந்தபோது ஆரம்ப விலை 2.57 லட்சம் ரூபாய். அவர் 2019 டிசம்பரில் காலமானார். பிரெஞ்சுக்காரர்தான், ஆனாலும் நாற்காலி இங்கே இருந்தது. அந்தக் காரின் ஒவ்வொரு 'ஏன்' என்ற கேள்விக்கும் பதில் தெரிந்த இளைஞர்கள் இந்தப் பக்கத்தில் உருவானார்கள்.

சரி, மென்பொருள்.

ஸ்காட் குக் என்பவர் ப்ராக்டர் அண்ட் கேம்பிளில் வேலை பார்த்துவிட்டு 1983-ல் இன்ட்யூட் என்ற கம்பெனியை, டாம் ப்ரூ என்பவரோடு சேர்ந்து தொடங்கினார். வீட்டு வரவு செலவுக் கணக்குக்கு ஒரு மென்பொருள். சோப்புக் கம்பெனியில் கற்ற வித்தையை அப்படியே கொண்டுவந்தார். வாங்கியவர் வீட்டுக்கே ஆள் அனுப்பி, டப்பாவைப் பிரித்ததிலிருந்து அவர் எங்கெங்கே திணறுகிறார் என்று பின்னால் நின்று பார்க்கச் சொன்னார். மைக்ரோசாஃப்டிலோ சிக்கல் வேறு. எழுதுகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 1985-ல் மெக்கின்டாஷுக்கு வந்த எக்செல் தயாரானபோது ஜேப் ப்ளூமென்தால் என்பவர் நடுவில் நின்று, இது எப்படி வேலை செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அதற்கு 'ப்ரோகிராம் மேனேஜர்' என்று பெயர் வைத்தார்கள். அவருக்குக் கீழேயும் நிரல் எழுதுகிறவர்கள் யாரும் கிடையாது.

இந்த வேலைக்கு ஒழுங்கான முதல் படி போட்டுக் கொடுத்தது கூகிள். 2002-ல் மரிஸா மேயர் அங்கே 'அசோசியேட் ப்ராடக்ட் மேனேஜர்' திட்டத்தை ஆரம்பித்தார். அனுபவசாலிகளை வெளியிலிருந்து தேடிப் பிடிப்பதைவிட, கல்லூரியிலிருந்து வருகிற இளைஞர்களைச் சீக்கிரமாகப் பழக்கிவிட முடியும் என்பது மேயரின் பந்தயம். முதலில் வந்தவர் ப்ரையன் ராகோவ்ஸ்கி. அவரிடம் கொடுக்கப்பட்டது ஜிமெயில்! அதிலிருந்து அசோசியேட், ப்ராடக்ட் மேனேஜர், சீனியர், க்ரூப், டைரக்டர், வைஸ் பிரசிடென்ட், சீஃப் ப்ராடக்ட் ஆபீசர் என்ற ஏணி உலகமெங்கும் நகலெடுக்கப்பட்டது. பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை மனப்பாடம் செய்வதில் பிரயோஜனமில்லை. மாறாத விஷயம் ஒன்றுதான்: ஒவ்வொரு படியிலும் கையில் இருக்கும் பொருளின் அளவு பெரிதாகிறது. முதல் படியில் ஒரு பட்டன், ஒரு திரை. அடுத்தது ஒரு முழு வசதி. பிறகு ஒரு முழுப் பொருள். பிறகு ஒன்றுக்கொன்று சண்டை போடும் பல பொருள்கள் (கேமேயும் ஐவரியும் ஞாபகம் வரலாம்). க்ரூப் ப்ராடக்ட் மேனேஜர் என்ற படிக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான இடங்களில் 'கீழே ஆட்கள்' என்பதே ஆரம்பிக்கும். அதுவும் வேண்டாம் என்றால் சில கம்பெனிகளில் 'ப்ரின்சிபல்' என்று ஒரு கிளை உண்டு. ஆள் மேய்க்காமலே மேலே போகலாம்.

சுந்தர் பிச்சையின் கதையை இந்த அளவுகோலோடு படித்தால் வேறு மாதிரித் தெரியும். மதுரையில் பிறந்து சென்னை அசோக் நகரில் வளர்ந்து, காரக்பூர் ஐ.ஐ.டி., ஸ்டான்ஃபோர்டு, வார்ட்டன் எல்லாம் முடித்து 2004 ஏப்ரலில் கூகிளில் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது தேடல் அல்ல, ஜிமெயிலும் அல்ல. டூல்பார். மற்றவர்களின் பிரவுசரில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பட்டை. அந்தப் பட்டை அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கிறது, அவன் நினைத்தால் விரட்டிவிடலாம் என்பதிலிருந்துதான் சொந்த பிரவுசர் வேண்டும் என்ற வாதம் வலுத்தது. 2008-ல் க்ரோம் வந்தது. 2013-ல் ஆண்ட்ராய்டும் கைக்கு வந்தது, 2014-ல் கூகிளின் பெரும்பாலான பொருள்கள், 2015-ல் தலைமைப் பதவி. ஐ.ஐ.டி.யும் எம்.பி.ஏ.வும் அவரை வாசல் வரை கொண்டுவிட்டன, சந்தேகமில்லை. மேலே கொண்டுபோனது ஓரத்துப் பட்டையைப் பெரிய பொருளாக வளர்த்த வேலை.

தமிழ்நாட்டிலோ ஏணியும் இல்லை, வாசலும் இல்லை. சொந்தப் பொருள் செய்த கம்பெனிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ராஜபாளையம் ராம்கோ குழுமம் 1989-ல் ஓர் ஆராய்ச்சிப் பிரிவாகத் தொடங்கியது பிறகு ராம்கோ சிஸ்டம்ஸ் ஆனது. 'மார்ஷல்' என்று சொந்தமாக ஒரு ஈ.ஆர்.பி. செய்தார்கள், பெரிய வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எதிராக. அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

1996-ல் டோனி தாமஸ், ஸ்ரீதர் வேம்பு, அவர் சகோதரர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் அட்வென்ட்நெட் என்ற கம்பெனியைத் தொடங்கியது. நெட்வொர்க் கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருள் செய்து, அந்தக் கருவிகளைத் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு விற்றார்கள். 2001-ல் டாட்காம் குமிழி உடைந்தபோது வாடிக்கையாளர்களே காணாமல் போனார்கள். சேவைக் கம்பெனியாக இருந்தால் அப்போது செய்வது ஒன்றுதான்: வேலை இல்லாத எஞ்சினியர்களை 'பெஞ்ச்'சில் உட்கார வைத்து, பிறகு வீட்டுக்கு அனுப்புவது. அட்வென்ட்நெட்டில் அந்த எஞ்சினியர்களை வேறு பொருள் செய்யச் சொன்னார்கள். பெரிய கருவித் தயாரிப்பாளர்களை விட்டுவிட்டு, சாதாரண ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் ஐ.டி. ஆட்களுக்கு. மேனேஜ்எஞ்சின் அப்படித்தான் வந்தது. 2005-ல் ஜோஹோ ரைட்டர், 2009-ல் கம்பெனியின் பெயரே ஜோஹோ.

பத்து வாடிக்கையாளருக்கு விற்கும்போது அவர்களே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். ஆயிரம் சின்ன வாடிக்கையாளர் வந்துவிட்டால் ஆளாளுக்கு ஒன்று கேட்பார்கள். எதைச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று சொல்ல ஒரு ஆள் தேவை. தேவை முதலில் வந்தது, பதவியின் பெயர் பிறகு வந்தது. அந்த ஆளை எங்கே தேடுவது? எம்.பி.ஏ. கல்லூரியில் அல்ல. வாடிக்கையாளரின் புகாரை ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர் யாரோ, அவர்தான்.

திருச்சிக்காரரான கிரீஷ் மாத்ருபூதம் இதற்கு நல்ல உதாரணம். தஞ்சாவூர் சண்முகாவில் பொறியியல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. 2001-ல் அட்வென்ட்நெட்டில் சேர்ந்தது ப்ரீ-சேல்ஸ் எஞ்சினியராக. அதாவது வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்குப் பொருளைக் காட்டி, அவர்கள் கேட்கும் ஏடாகூடமான கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை. இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. எந்த வசதி இல்லை என்பதால் ஆர்டர் கை நழுவுகிறது என்று தினமும் காதால் கேட்கலாமே. அங்கிருந்து ப்ராடக்ட் மேனேஜர், பிறகு மேனேஜ்எஞ்சினில் ப்ராடக்ட் மேனேஜ்மென்ட் வைஸ் பிரசிடென்ட். ஹெல்ப்டெஸ்க் மென்பொருளை உருவாக்கிய அனுபவம் அங்கேதான் வந்தது.

அமெரிக்காவிலிருந்து குடிபெயர்ந்து திரும்பியபோது அவருடைய டி.வி. உடைந்து வந்தது. நஷ்ட ஈடு கேட்டு மாதக்கணக்கில் அலைந்தும் பலனில்லை. கடைசியில் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி எழுதிய பிறகுதான் கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பணம் கொடுத்தது. வாடிக்கையாளர் சேவை என்பதே இனி வேறு மாதிரி என்று மனதில் ஒரு பொறி. 2010-ல், ஸென்டெஸ்க் என்ற கம்பெனி விலையை ஏகத்துக்கும் ஏற்றியதைப் பற்றி ஒருவர் எழுதிய கருத்தைப் படித்தார். வேலையை விட்டார். ஷான் கிருஷ்ணசாமியோடு சேர்ந்து ஃப்ரெஷ்டெஸ்க். 2011-ல் பொருள் வெளிவந்தது. முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் ஒரு பள்ளிக்கூடம். 2017-ல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றம், 2021 செப்டம்பர் 22-ல் நாஸ்டாக்கில் பங்கு வெளியீடு. 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் அன்று கோடீஸ்வரர்களானார்கள் என்று அவரே சொன்னார். பிற்பாடு பங்கு விலை வெளியீட்டு விலையான 36 டாலருக்குக் கீழே போனதும், 2024 நவம்பரில் 660 பேரை வேலையிலிருந்து எடுத்ததும் இதே கதையின் அடுத்த பக்கங்கள். நாஸ்டாக் மணியடித்த போட்டோவை ஒட்டி வைக்கிறவர்கள் அந்தப் பக்கங்களைப் புரட்டுவதில்லை.

ஆக இந்த ரோட்டில் ஏணியின் கடைசிப் படி சீஃப் ப்ராடக்ட் ஆபீசர் அல்ல. வெளியே போய்ச் சொந்தக் கடை போடுவது. சார்ஜ்பீ கம்பெனியைத் தொடங்கிய நால்வரில் சிலரும் ஜோஹோவிலிருந்து போனவர்கள்தான். உள்ளேயே இருந்து ஏறியவர்களும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் எஞ்சினியராகச் சேர்ந்த ராஜேஷ் கணேசன், பொருள்களைப் பார்த்துப் பார்த்தே மேனேஜ்எஞ்சினின் தலைவராகிவிட்டார்.

இதைவிட முக்கியமான ஒன்று 2004-ல் ஆறு மாணவர்கள், இரண்டு ஆசிரியர்களோடு தொடங்கியது. பன்னிரண்டாவது அல்லது டிப்ளமோ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகையும் கொடுத்து, கணக்கு, ஆங்கிலம், நிரல் எழுதுதல் கற்றுக்கொடுத்து, வேலையும் கொடுப்பது. அப்போது பெயர் பல்கலைக்கழகம் என்றிருந்தது, பிறகு ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆனது. ராஜேந்திரன் தண்டபாணி அதை வளர்த்தவர்களில் முக்கியமானவர். பட்டம் இல்லாதவர் நிரல் எழுதலாம், சரி. ஒரு பொருளுக்கே பொறுப்பாகலாம் என்பது கல்லூரி மோகம் பிடித்த இந்த ஊரில் சின்ன விஷயமில்லை. ஒரு பக்கம் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கும் வளாகம், கூப்பிடு தூரத்தில் படிக்க வருகிறவருக்குப் பணம் கொடுக்கும் வளாகம் என்று இரண்டையும் ஒரே ஸ்டேஷனில் இறங்கிப் பார்க்கலாம்.

ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பட்டமில்லாமல் உள்ளே ஏறியவரின் உயரம் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஆறு வருடம் ஒரு பொருளை வளர்த்தவர் வெளியே வேறு கம்பெனிக்கு மனு போட்டால், முதல் சல்லடை கேட்பது 'எந்தக் கல்லூரி?' என்றுதான். பெயர்ப்பலகைகளுக்கு முக்கியத்துவம் தராத கம்பெனியில் இருந்தவருக்கு, பெயர்ப்பலகையை மட்டுமே பார்க்கும் சந்தையில் தன் படியை நிரூபிப்பது கஷ்டம். கூகிளில் 'க்ரூப் ப்ராடக்ட் மேனேஜர்' என்ற மூன்று வார்த்தை செய்வதை, இவர் நாற்பது நிமிடம் பேசிச் செய்ய வேண்டும். சேவைக் கம்பெனியிலிருந்து வருகிறவருக்கு வேறு விதமான முள். பன்னிரண்டு வருட அனுபவம், கீழே அறுபது பேர், ஆனால் 'நீங்களாக வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு வசதியைச் சொல்லுங்கள்' என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. ஒதுக்கும் உரிமை அவருக்கு ஒருநாளும் கொடுக்கப்படவே இல்லையே!

இந்த வேலையே இப்படியே இருக்கும் என்றும் சொல்ல முடியாது. 2023-ல் ஏர்பிஎன்பியின் ப்ரையன் செஸ்கி, பழைய மாதிரி ப்ராடக்ட் மேனேஜர் வேலையை எடுத்துவிட்டு, பொருளைச் சந்தைக்குச் சொல்லும் வேலையோடு அதைச் சேர்த்துவிட்டோம் என்று ஒரு மாநாட்டில் சொன்னார். அரங்கில் இருந்த டிசைனர்கள் கைதட்டினார்கள். செஸ்கி சொன்னதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் 1931-ன் கேமே சோப்பு ஆள்தான் திரும்ப வந்து நிற்கிறார். இப்போது நிரல் எழுதவே கணினி வந்துவிட்ட பிறகு, எஞ்சினியர் பாதி ப்ராடக்ட் மேனேஜராகவும் ப்ராடக்ட் மேனேஜர் பாதி எஞ்சினியராகவும் ஆகிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏணி என்றால் மேலே மட்டும்தான் போகவேண்டுமா என்ற கேள்வியும் பழையதுதான். ஐ.பி.எம். 1962-லேயே 'ஃபெல்லோ' என்ற பட்டத்தை உண்டாக்கி, நல்ல எஞ்சினியரை மேனேஜராக்கிக் கெடுக்காமல் எஞ்சினியராகவே உயர்த்த வழி செய்தது. நம்மூரில் அப்படி யாராவது ஆள் மேய்ப்பதை விட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனால் 'என்ன, டிமோஷனா?' என்று கேட்பார்கள்.

2025 ஜனவரி 27-ம் தேதி ஜோஹோவில் ஓர் அறிவிப்பு வந்தது. ஸ்ரீதர் வேம்பு தலைமை நிர்வாகிப் பதவியிலிருந்து விலகி, முதன்மை விஞ்ஞானியாக ஆராய்ச்சி வேலைக்குப் போகிறார். குழுமத்தின் தலைமைப் பொறுப்பு, ஆரம்ப காலத்திலிருந்து கூடவே இருந்த ஷைலேஷ் தாவேக்கு. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை பார்க்கும் கம்பெனியில், பெண்ணின் சித்தப்பா கேட்கும் கேள்விக்கு மிகப் பெரிய எண்ணைப் பதிலாகச் சொல்லக்கூடியவராக இருந்தவர் அவர்.